எஃப்.எம். தந்த மேஜர் ஆர்ம்ஸ்ட்ராங்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம் இது. நேரமில்லாமல் மேடையில் விட்டுப்போன சில விவரங்களைச் சேர்த்திருக்கிறேன். மற்றபடி பேச்சு நடையை அதிகம் மாற்றவில்லை.)



புகழ்பெற்ற கண்டுபிடிப்பாளர் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் போனில் சொன்னார். யாரைப் பற்றி என்று கேட்டேன். "உங்க இஷ்டம் சார், ஆனா சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிடுங்க" என்றார். எடிசனைப் பற்றிப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். டெஸ்லா பெயரில் காரே ஓடுகிறது. அவர்களுக்கு என் சிபாரிசு தேவையில்லை. நான் பேசப்போவது ஆர்ம்ஸ்ட்ராங் பற்றி. உடனே நிலாவில் கால் வைத்தவர் என்று நினைத்திருப்பீர்கள். அவர் நீல். இவர் எட்வின் ஹோவர்ட் ஆர்ம்ஸ்ட்ராங். ஆனால் நிலாவோடு இவருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1946 ஜனவரியில் அமெரிக்க ராணுவத்தார் முதன்முதலாக நிலாவுக்கு ரேடார் அலையை அனுப்பி எதிரொலியைப் பிடித்தார்களே, அந்தச் சாதனத்துக்குப் பின்னால் இவருடைய கைவேலை இருந்தது.

நம் துறை மாணவர்களுக்கு இவர் பெயர் தெரியாவிட்டாலும் இவரைத் தொட்டுப் பார்த்த அனுபவம் உண்டு. கம்யூனிகேஷன் லேபில் சூப்பர்ஹெட் ரிசீவர் கிட் இருக்கும். பிளாஸ்டிக் திருப்புளியை வைத்துக்கொண்டு ஐ.எஃப்.டி. டப்பாவின் மஞ்சள் மூக்கையும் வெள்ளை மூக்கையும் திருகித் திருகி 455 கிலோஹெர்ட்ஸில் நிறுத்தச் சொல்வார்கள். அந்த 455-க்கு மூலகாரணம் இவர்தான். எஃப்.எம்.முக்கும் இவர்தான்.

ஆர்ம்ஸ்ட்ராங் 1890 டிசம்பர் 18-ஆம் தேதி நியூயார்க்கில் பிறந்தார். அப்பா ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் அமெரிக்கக் கிளையில் வேலை பார்த்தார். அம்மா ஆசிரியையாக இருந்தவர். சின்ன வயதில் பையனுக்கு நரம்பு சம்பந்தமான நோய் வந்து கொஞ்ச காலம் பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைத்தார்கள். நோய் போனது. ஆனால் படபடப்பு வந்தால் தோளும் கழுத்தும் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும் வழக்கம் கடைசிவரை போகவில்லை. கூச்ச சுபாவம். ஹட்ஸன் நதியைப் பார்த்த மாதிரி யாங்கர்ஸ் என்ற ஊரில் வீடு. மாடி அறை முழுக்க கம்பியும் காயிலும். கொல்லையில் சுமார் 125 அடி உயரத்துக்கு ஆன்டெனாக் கம்பம் ஒன்றைத் தானே நட்டு, கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்துகொண்டு உச்சிக்கு ஏறுவார். உயரம் என்றால் அவருக்கு அப்படியொரு பிரியம்.

1909-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் சேர்ந்தார். தினமும் வீட்டிலிருந்து சிவப்பு இந்தியன் மோட்டார் சைக்கிளில்தான் போய்வருவார். மூன்றாம் ஆண்டு முடிந்த விடுமுறையில், 1912-இல், முதல் கண்டுபிடிப்பு. தம்பிகளா, அப்போது அவருக்கு 21 வயது. உங்களில் பலருக்கு அரியர் பேப்பர் இருக்கும் வயது.

லீ டி ஃபாரஸ்ட் என்பவர் 1906-இலேயே ஆடியான் என்ற மூன்று முனை வால்வைச் செய்திருந்தார். அது ஏன் வேலை செய்கிறது என்று செய்தவருக்கே சரியாக விளங்கவில்லை. ஆர்ம்ஸ்ட்ராங் உட்கார்ந்து அளந்து பார்த்தார். பிளேட்டில் வரும் சிக்னலில் ஒரு பகுதியை எடுத்துத் திரும்ப கிரிட்டுக்கே கொடுத்தால் அது மறுபடி பெரிதாகும், மறுபடி மறுபடி பெரிதாகும் என்று கண்டார். கல்யாண வீட்டில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் 'கூ'வென்று கத்துமே, அதே சமாசாரம்தான். கத்துவதற்குக் கொஞ்சம் முன்னாடி நிறுத்தினால் அருமையான ஆம்ப்ளிஃபையர். கத்த விட்டுவிட்டால் ஆஸிலேட்டர், அதாவது டிரான்ஸ்மிட்டர். ஒரே சர்க்யூட்டில் இரண்டு பிறவி. வெற்றி கிடைத்த ராத்திரி தூங்கிக்கொண்டிருந்த தங்கையை எழுப்பிக் கூத்தாடினாராம்.

காப்புரிமைக்கு மனுப்போட அப்பாவிடம் பணம் கேட்டார். முதலில் டிகிரியை முடி, அப்புறம் பார்க்கலாம் என்றுவிட்டார் அப்பா. நம்மூர் அப்பா மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். வேறு வழியில்லாமல் சர்க்யூட்டை ஒரு தாளில் வரைந்து நோட்டரியிடம் போய் முத்திரை குத்தி வைத்துக்கொண்டார். செலவு கால் டாலர். தேதி 1913 ஜனவரி 31. இந்தத் தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மனு அந்த வருடம் அக்டோபரில்தான் போனது. அதுவும் ரிசீவர் பாதிக்கு மட்டும். ஆஸிலேட்டருக்கான மனு டிசம்பரில் தனியாகப் போனது. இந்த இடைவெளிதான் பின்னால் வினையாயிற்று. 1914 அக்டோபரில் 1,113,149 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. டி ஃபாரஸ்ட் சும்மா இருக்கவில்லை. 1912 ஆகஸ்டிலேயே என் ஆய்வகத்தில் அந்த ஊளைச் சத்தம் வந்தது, என் உதவியாளரின் நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது என்று வழக்குக்கு வந்தார். சத்தம் வந்தது உண்மையாகவே இருக்கலாம். அது என்ன சத்தம் என்று புரிந்துகொண்டது யார் என்பதுதான் கேள்வி.

முதல் சுற்றில் ஆர்ம்ஸ்ட்ராங் ஜெயித்தார். டி ஃபாரஸ்டின் கம்பெனி அப்போது திவாலாகிக் கிடந்தது. வழக்குச் செலவை வசூலிக்காமல் விட்டுக்கொடுத்துவிடுங்கள், இறுதித் தீர்ப்பு பதிவாகிவிடும், விவகாரம் அத்தோடு ஒழியும் என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. எதிராளி முழுசாகத் தோற்றதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். தன் ஆன்டெனாக் கம்பத்தில் காப்புரிமை எண்ணை எழுதி ஒரு கொடியே பறக்கவிட்டார், டி ஃபாரஸ்ட் கண்ணில் படட்டும் என்று! விளைவு என்ன தெரியுமா? தீர்ப்பு முறையாகப் பதிவாகாததால் டி ஃபாரஸ்ட் வேறு நீதிமன்றம் வழியாக உள்ளே நுழைந்தார். 1928-இலும் 1934-இலும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டி ஃபாரஸ்ட் பக்கமே தீர்ப்பளித்தது. சட்டப்படி இன்றைக்கும் ஃபீட்பேக் சர்க்யூட்டைக் கண்டுபிடித்தவர் டி ஃபாரஸ்ட்தான்.

1934 மே மாதத் தீர்ப்பு வந்த கையோடு பிலடெல்பியாவில் ரேடியோ பொறியாளர்கள் கழகத்தின் மாநாடு நடந்தது. இதே கண்டுபிடிப்புக்காக அந்தக் கழகம் தன் முதல் கௌரவப் பதக்கத்தை ஆர்ம்ஸ்ட்ராங்குக்குத்தான் கொடுத்திருந்தது. கோர்ட்டே சொன்ன பிறகு இது என்னிடம் இருக்கக் கூடாது என்று அதைத் திருப்பிக் கொடுக்க வந்தார். கழகத் தலைவர் வாங்க மறுத்து, பதக்கம் உங்களுடையதுதான் என்று அறிவித்தார். அரங்கம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பலர், அவருக்கு எதிர்க்கட்சியான கம்பெனிகளில் சம்பளம் வாங்குகிறவர்கள். எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம் இதுதான்.

சரி, கொஞ்சம் பின்னால் போவோம். 1914 ஜனவரி 30, 31. கடுங்குளிர் ராத்திரி. நியூஜெர்ஸியில் பெல்மார் என்ற ஊரில் மார்க்கோனி கம்பெனியின் ஸ்டேஷன். புது ரிசீவரைச் சோதித்துப் பார்க்கக் கம்பெனி சார்பில் ஒரு இளைஞர் வந்திருந்தார். பெயர் டேவிட் சார்னாஃப். ரஷ்யாவிலிருந்து குடிபெயர்ந்து வந்த ஏழைக் குடும்பம், தெருவில் பேப்பர் விற்று முன்னுக்கு வந்தவர். இரண்டு பேரும் விடியவிடிய உட்கார்ந்து அயர்லாந்திலிருந்து வரும் சிக்னலையும் ஹவாய்த் தீவிலிருந்து வரும் சிக்னலையும் கேட்டார்கள். அன்றைக்குப் பிடித்த சிநேகம். இந்த சார்னாஃப்தான் பின்னாளில் ஆர்.சி.ஏ. என்ற மாபெரும் ரேடியோ கம்பெனியின் தலைவர் ஆனவர். கதையில் வில்லனும் இவர்தான் என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன்.

முதல் உலகப் போரில் ஆர்ம்ஸ்ட்ராங் ராணுவத்தின் சிக்னல் பிரிவில் பாரிஸுக்குப் போனார். அங்கிருந்து வரும்போது மேஜர். அதற்கப்புறம் எல்லோரும் மேஜர் என்றே கூப்பிட்டார்கள். 1918-இல் அங்கே உருவானதுதான் சூப்பர்ஹெட்டரோடைன். ரொம்ப உயர்ந்த அதிர்வெண்களை நேரடியாகப் பெருக்க அன்றைய வால்வுகளால் முடியவில்லை. அவர் என்ன செய்தார்? எந்த ஸ்டேஷன் வந்தாலும் அதோடு உள்ளேயே தயாரித்த இன்னொரு அலையைக் கலந்து, ஒரு நிலையான நடு அதிர்வெண்ணுக்கு இறக்கிவிட்டார். பெருக்குவது, வடிகட்டுவது எல்லாம் அந்த ஒரே இடத்தில். டாலர், யூரோ, திர்ஹாம் எது வந்தாலும் முதலில் ரூபாயாக மாற்றிக்கொண்டு கணக்குப் பார்ப்பது மாதிரி. நம் தாத்தா காலத்து மர்ஃபி ரேடியோவில் இருந்தது, பாக்கெட் டிரான்ஸிஸ்டரில் இருந்தது, டி.வி.யில் இருந்தது, ரேடாரில் இருந்தது. பிரான்சின் லூசியன் லெவியும் இதே யோசனைக்கு உரிமை கோரினார், காப்புரிமையில் பல பகுதிகள் பின்னால் அவர் பக்கம் போயின. அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை.

பணம் வந்தது. 1920-இல் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி இரண்டு காப்புரிமைகளையும் 3,35,000 டாலருக்கு வாங்கியது. 1922-இல் சூப்பர் ரீஜெனரேஷன் என்ற அடுத்த கண்டுபிடிப்புக்கு ஆர்.சி.ஏ. இரண்டு லட்சம் டாலரும் 60,000 பங்குகளும் கொடுத்தது. தனி மனிதர்களில் ஆர்.சி.ஏ.வின் மிகப்பெரிய பங்குதாரர் இவரே. சார்னாஃபின் செயலாளராக இருந்த மேரியன் மக்கின்னிஸ் என்ற பெண்ணைக் காதலித்தார். ஆர்.சி.ஏ. கட்டடத்தின் உச்சியில் இருந்த ஆன்டெனாக் கோபுரத்தில் ஏறித் தலைகீழாகத் தொங்கிப் போட்டோ எடுத்து அந்தப் பெண்ணுக்கு அனுப்பினார். சார்னாஃப் கோபப்பட்டுக் கட்டடத்துக்குள்ளேயே வரக்கூடாது என்று தடை போட்டார். 1923 டிசம்பரில் கல்யாணம். மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுத்த பரிசு என்ன தெரியுமா? தூக்கிச் செல்லக்கூடிய சூப்பர்ஹெட் ரேடியோ. தேனிலவுக்குக் கடற்கரைக்குப் போனபோதும் அதைத் தூக்கிக்கொண்டே போனார்கள். மணலில் இரண்டு பேரும் உட்கார்ந்து அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும் போட்டோ இன்றைக்கும் இருக்கிறது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். இரைச்சல்.

என் பிழைப்பே இரைச்சல்தான். வாகன மின்னணுச் சாதனங்களை ஒரு கவச அறைக்குள் வைத்து, அது எவ்வளவு மின்காந்த இரைச்சல் கக்குகிறது என்று அளப்பது என் வேலை. வைப்பர் மோட்டார் ஒன்று போதும், பக்கத்தில் ஏ.எம். ரேடியோவை வைத்துப் பாருங்கள், பொரிகடலை வறுக்கிற மாதிரி சத்தம் வரும். இங்கே இருக்கும் மூத்தவர்கள் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்கள். இடி மின்னல் நாளில் பாட்டு பாதி, கொரகொரப்பு பாதி. காரணம் எளிது. ஏ.எம்.மில் அலையின் உயரத்தில்தான் சங்கதி இருக்கிறது. மின்னலும் மோட்டாரும் கெடுப்பது அந்த உயரத்தைத்தான். ரிசீவருக்கு எது பாட்டு, எது மின்னல் என்று தெரியாது.

அப்படியானால் உயரத்தை விட்டுவிட்டு அதிர்வெண்ணை மாற்றினால் என்ன என்ற யோசனை பலருக்கும் வந்திருந்தது. 1922-இல் ஜான் கார்ஸன் என்ற பெரிய கணித மேதை அதனால் ஒரு ஆதாயமும் இல்லை என்று நிரூபித்துவிட்டார். நம் பாடத்தில் வரும் 'கார்ஸன் விதி' கார்ஸன்தான். அவர் கணக்கு தப்பில்லை. ஆனால் அவர் பார்த்தது குறுகிய பட்டையை. இரைச்சலைக் குறைக்க வேண்டுமானால் பட்டையைக் குறுக்க வேண்டும் என்பது அன்று எல்லோருக்கும் வேதவாக்கு. ஜன்னலைச் சின்னதாக வைத்தால்தானே தூசி குறைவாக வரும்? ஆர்ம்ஸ்ட்ராங் பல வருடம் அதே வழியில் போய் முட்டிக்கொண்டு, கடைசியில் எதிர்த்திசையில் போனார். ஜன்னலை அகலத் திறந்தார். அதிர்வெண்ணைத் தாராளமாக ஆடவிட்டு, ரிசீவரில் லிமிட்டர் வைத்து அலையின் தலையை ஒரே மட்டமாக வெட்டிவிட்டார். உயரத்தில் ஏறியிருந்த குப்பையெல்லாம் வெட்டோடு போயிற்று. மிச்சம் சுத்தமான ஒலி. இன்றைய எஃப்.எம். ஸ்டேஷன் இரண்டு பக்கமும் 75 கிலோஹெர்ட்ஸ் வரை ஆடுகிறது. நம் நாட்டு மீடியம் வேவில் ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் நடுவே இருப்பதே 9 கிலோஹெர்ட்ஸ்தான். அகலத்தைக் கொடுத்து அமைதியை வாங்குகிறோம். நிலையக் கருவிகளில் இதைவிட நல்ல பேரம் நான் பார்த்ததில்லை.

கணக்குத் தெரியாதவர், கையால் செய்து பார்த்தே ஜெயித்தவர் என்று இவரைப் பற்றிச் சிலர் சொல்வார்கள். மாணவர்கள் அதைக் கேட்டுவிட்டு எம்-த்ரீ பேப்பரைக் கைவிட வேண்டாம். கணக்கு தெரிந்தவர்தான். கணக்கு எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது என்று கேட்கத் தெரிந்தவர், அவ்வளவுதான்.

1933 டிசம்பர் 26-ஆம் தேதி காப்புரிமைகள் கிடைத்தன. கொலம்பியாவின் ஃபிலாஸஃபி ஹால் கட்டடத்து அடித்தள ஆய்வகத்தில் சார்னாஃபுக்குக் காட்டினார். இது வெறும் கண்டுபிடிப்பு இல்லை, புரட்சி என்று சார்னாஃப் அசந்துபோனார். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 85-ஆம் மாடியில் இடம் கொடுத்தார். 1934 ஜூனில் சோதனை ஆரம்பம். லாங் ஐலண்டில் சுமார் 70 மைல் தள்ளி ஒரு நண்பர் வீட்டில் ரிசீவர். ஒரே சிக்னலை ஏ.எம்.மிலும் எஃப்.எம்.மிலும் மாற்றி மாற்றி அனுப்பினார்கள். இடி மின்னல் வந்தபோது ஏ.எம். செத்தது, எஃப்.எம். அசையவில்லை.

ஆனால் 1935-இல் சாமான்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆர்.சி.ஏ. சொல்லிவிட்டது. அந்த இடம் டெலிவிஷனுக்கு வேண்டும் என்றார்கள். சார்னாஃப் பக்கத்தையும் யோசித்துப் பாருங்கள். ஏ.எம். ஸ்டேஷன்கள், ஏ.எம். செட் விற்பனை என்று ஒரு சாம்ராஜ்யமே நடக்கிறது. இந்தப் பக்கம் டி.வி.யில் கோடிக்கணக்கில் முதல் போட்டாயிற்று. அவர் கேட்டது ஏ.எம்.மின் இரைச்சலை நீக்க ஒரு சின்னப் பெட்டி. ஆர்ம்ஸ்ட்ராங் கொண்டுவந்தது ஏ.எம்.மையே தூக்கிப்போடச் சொல்லும் ஒரு புது ஏற்பாடு. நண்பருக்காக எந்த முதலாளி அதைச் செய்வார்?

அந்த வருடம் நவம்பரில் நியூயார்க்கில் பொறியாளர்கள் கூட்டத்தில் ஆர்ம்ஸ்ட்ராங் ஒரு கட்டுரை வாசித்தார். வாசித்து முடித்ததும், இப்போது கேளுங்கள் என்று ரிசீவரைத் திருப்பினார். முதலில் கொரகொரப்பு. ஸ்டேஷன் பிடிபட்டதும் திடீரென்று நிசப்தம். செட்டே செத்துவிட்டதோ என்று ஜனங்கள் நினைத்தார்களாம். அப்புறம் யாங்கர்ஸில் இருந்த நண்பர் ரன்யனின் வீட்டு ஸ்டேஷனிலிருந்து, டம்ளரில் தண்ணீர் ஊற்றும் சத்தம். காகிதத்தைக் கசக்கிக் கிழிக்கும் சத்தம். ஒரு மணி அடித்து அது தேய்ந்து அடங்கும் சத்தம். ரேடியோவில் தண்ணீர் தண்ணீராகக் கேட்டது அன்றைக்குத்தான்.

ஆர்.சி.ஏ. வராவிட்டால் என்ன என்று தன் சொத்தைப் போட்டார். ஹட்ஸன் நதிக்கரை மலைமேல் ஆல்பைன் என்ற ஊரில் நிலம் வாங்கி, 400 அடிக்கு மேல் மூன்று கைகள் நீட்டிய கோபுரம் கட்டினார். 3,00,000 டாலருக்கு மேல் செலவு. 1939-இல் முறையான ஒலிபரப்பு. சத்தம் எப்படிச் சுத்தமாக வருகிறது என்று கேட்டவர்கள் பின்னாலேயே வந்தார்கள். பல கம்பெனிகள் ராயல்டி ஒப்புக்கொண்டு செட் செய்தன. 1941 ஜனவரி முதல் வணிக ஒலிபரப்புக்கு அரசு அனுமதி கொடுத்தது. போர் வந்ததும் தன் காப்புரிமைகளை ராணுவம் ராயல்டியே இல்லாமல் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று எழுதிக்கொடுத்தார். அமெரிக்க டாங்கிகள் ஓடும்போதே பேசிக்கொண்டது எஃப்.எம்.மில்தான்.

இதற்கு நடுவில் 1940-இல் ஆர்.சி.ஏ. பத்து லட்சம் டாலர் தருகிறோம் என்று வந்தது. மொத்தமாக ஒரே தொகை, அதற்குமேல் ராயல்டி இல்லை. மற்ற கம்பெனிகள் விற்பனையில் இவ்வளவு சதவீதம் என்று கொடுக்கும்போது உங்களுக்கு மட்டும் ஏன் சலுகை என்று மறுத்துவிட்டார்.

இந்த இடத்தில் மாணவர்கள் எப்போதும் கேட்பார்கள்: "வாங்கியிருக்கலாமே சார்?" நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கம்பெனியில் ஒரு ஃபில்டரில் சின்ன மாற்றம் செய்து, பல வாரம் ஃபெயிலாகிக்கொண்டிருந்த ஒரு யூனிட்டைப் பாஸ் செய்ய வைத்தேன். ரிப்போர்ட் வந்தபோது அதில் மேலே இருந்தவர் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தேன். ஆனால் யாரிடமும் காட்டவில்லை. வீட்டுக்கு மாதா மாதம் பணம் அனுப்ப வேண்டிய நேரம், சண்டை போட வசதியில்லை. அது நல்ல முடிவா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆகவே அவர் வாங்கியிருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்கியிருந்தால் பிழைத்திருப்பார் என்பதும் உண்மை.

1945-இல் பெரிய அடி. எஃப்.எம்.முக்கு ஒதுக்கியிருந்த 42 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் பட்டையை எடுத்துவிட்டு 88-க்கு மேலே போ என்று அரசு ஆணையம் உத்தரவு போட்டது. அயன மண்டலத்தில் அலைகள் பட்டுத் திரும்பித் தூரத்து ஸ்டேஷன்கள் குறுக்கிடும் என்று காரணம் சொன்னார்கள். அந்த விளைவு பொய்யில்லை, கீழ்ப் பட்டையில் நிஜமாகவே நடக்கும். அதற்காக எல்லாவற்றையும் தூக்கி வேறிடம் வைக்க வேண்டுமா என்பதில்தான் சண்டை. விற்ற செட்டுகள் லட்சக்கணக்கில் ஒரே உத்தரவில் உபயோகமற்றுப் போயின. டி.வி.யின் ஒலிக்கு எஃப்.எம்.மையே வைத்துக்கொண்ட ஆர்.சி.ஏ., அதற்கு ராயல்டியும் தரவில்லை. நம் பழைய தூர்தர்ஷன் ஞாபகம் இருக்கிறதா? அம்மா மிக்ஸி போட்டால் படத்தில் கோடு கோடாக ஓடும். சத்தம் அவ்வளவாகக் கெடாது. படம் ஏ.எம்., ஒலி எஃப்.எம். நம் வீட்டு ஹாலிலேயே அந்த லாங் ஐலண்ட் சோதனை தினமும் நடந்துகொண்டிருந்தது.

1948-இல் வழக்குப் போட்டார். ஆர்.சி.ஏ. வக்கீல்கள் அவரை மாதக்கணக்கில் விசாரித்தார்கள், ஒரு வருடம் அப்படியே போயிற்று. 1950 கடைசியில் எஃப்.எம். காப்புரிமைகளின் காலம் முடிந்தது, புது ராயல்டி நின்றது. எஃப்.எம்.மை வளர்த்ததில் எங்கள் பங்குதான் பெரிது என்று சார்னாஃப் சாட்சிக் கூண்டில் சொன்னார். ஆர்ம்ஸ்ட்ராங் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வக்கீல் செலவில் சொத்து கரைந்தது. 1953 நவம்பரில், முதுமைக்கென்று மேரியனிடம் கொடுத்து வைத்த பணத்தைத் திருப்பிக் கேட்டார். வாக்குவாதம் முற்றி, கணப்புக் கம்பியால் மனைவியின் கையில் அடித்துவிட்டார். மேரியன் தன் சகோதரி வீட்டுக்குப் போய்விட்டார். இதை மறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. மறைக்கக் கூடாது என்று நினைக்கிறேன். முப்பது வருடம் கூட நின்ற பெண்.

1954 ஜனவரி 31. மேரியனுக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதி வைத்துவிட்டு, தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 63. நோட்டரி முத்திரை குத்திய அதே தேதி. பெல்மாரில் சார்னாஃபோடு விழித்திருந்த ராத்திரிக்குச் சரியாக நாற்பது வருடம். அவர் தேதியை நினைத்துத்தான் செய்தாரா என்பது யாருக்கும் தெரியாது. அடக்கத்துக்கு வந்த சார்னாஃப் அழுதார் என்று சொல்வார்கள். மார்ச்சில் ஆல்பைன் ஸ்டேஷன் ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது.

கதை இங்கே முடியவில்லை. மேரியன் வந்தார். அதே ஆண்டுக் கடைசியில் ஆர்.சி.ஏ. பத்து லட்சம் டாலருக்குச் சற்று மேலே கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. 1940-இல் சொன்ன அதே தொகை, கிட்டத்தட்ட. மற்றக் கம்பெனிகளை மேரியன் விடவில்லை. ஒவ்வொன்றாக வழக்கு நடத்தினார். கடைசியாக மோட்டோரோலா. 1967-இல் அதுவும் தோற்றது. பதின்மூன்று வருடம். ஒரு வழக்கில்கூட அவர் பின்வாங்கவில்லை. கணவர் சர்க்யூட்டில் காட்டிய பொறுமையை மேரியன் கோர்ட்டில் காட்டினார், கணவருக்கு அங்கே அது வாய்க்கவில்லை. 1983-இல் அமெரிக்க அஞ்சல் துறை கண்டுபிடிப்பாளர்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது டெஸ்லாவோடு சேர்த்து ஆர்ம்ஸ்ட்ராங்குக்கும் ஒன்று வந்தது.

இந்தியாவில் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு எங்கே ஆரம்பித்தது என்று தம்பிகளைக் கேட்கிறேன். டில்லி இல்லை, பம்பாய் இல்லை. 1977 ஜூலை 23, சென்னை. நம்ம ஊர்தான். அப்புறம் கொடைக்கானல் மலையில் 100.5 மெகாஹெர்ட்ஸ். நான் சின்னப் பையனாக இருந்தபோது மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கம் டீக்கடைகளில் கோடை எஃப்.எம். ஓடாத கடையைப் பார்த்ததில்லை. அந்த அலை வளையாது, கண்ணுக்கெட்டிய தூரம்தான் போகும். ஆகவே உயரம் வேண்டும். மேஜருக்குக் கோபுரமும் ஆல்பைன் மலையும் ஏன் பிடித்தன என்று கொடைக்கானலைப் பார்த்தால் புரியும். செல்போனில் எஃப்.எம். கேட்க இயர்போன் சொருகச் சொல்லுமே, ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? அந்த வயர்தான் ஆன்டெனா. நார்வே நாடு 2017-இல் தேசிய ஒலிபரப்புகளை எஃப்.எம்.மிலிருந்து டிஜிட்டலுக்கு மாற்றிவிட்டது. எதுவும் நிரந்தரமில்லை, அது போகட்டும்.

ஆல்பைன் கோபுரம் இன்னும் நிற்கிறது. 2001 செப்டம்பர் 11-இல் உலக வர்த்தக மையம் விழுந்தபோது அதன் உச்சியில் இருந்த டி.வி. ஆன்டெனாக்களும் போயின. நியூயார்க்கின் சில டி.வி. நிலையங்கள் அவசரத்துக்குத் தங்கள் சிக்னலை ஏற்றியது அந்தப் பழைய கோபுரத்தில்தான்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கேள்வி இருப்பவர்கள் சாப்பாட்டு வரிசையில் என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள்.